இரைப்பை அமிலக் குறைப்பு மருந்துகள்

இரைப்பை அமிலக் குறைப்பு மருந்துகள் என்பவை இரைப்பையில் சுரக்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்கும் அல்லது அதன் சுரப்பைக் குறைக்கும் மருந்துகள் ஆகும். நெஞ்செரிச்சல், இரைப்பைப்புண், முன்சிறுகுடற்புண் முதலியவற்றுக்கு இவை தரப்படுகின்றன. தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இவை "கேஸ் மாத்திரை" எனப்படுகின்றன. ஆயினும் இவை குறைப்பது அமிலத்தையே, வாயுவை அன்று. சில அமிலநீக்கிகளில் மட்டும் வாயுக்குமிழிகளை உடைக்கும் சிமெத்திக்கோன் சேர்க்கப்படுகிறது.

வகைகளும் உட்கொள்ளும் முறையும்

அமிலநீக்கிகள்: அலுமினியம் ஐதராக்சைடு, மக்னீசியம் ஐதராக்சைடு போன்ற காரங்கள். சில நிமிடங்களில் பயன் தரும், ஆனால் நீடிக்காது. முன்னது மலச்சிக்கலையும் பின்னது வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும் என்பதால் இரண்டும் சேர்த்தே தரப்படுகின்றன. இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்கிளின் முதலியவை உடலில் சேர்வதை இவை தடுக்கும். எனவே இடைவெளி விட்டு உட்கொள்ள வேண்டும்.

எச்2 தடுப்பிகள்: அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுப்பவை. இவ்வகையில் முதலில் பரவலான சிமெட்டிடின் 1976-இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ஜேம்சு பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். ரானிடிடின், ஃபாமோடிடின் ஆகியனவும் இவ்வகையின.

புரோத்தன் ஏற்றி தடுப்பிகள்: ஒமேப்பிரசோல், பாண்டோப்பிரசோல் முதலியன. அமிலத்தை வெளியேற்றும் புரதத்தையே இவை செயலிழக்கச் செய்கின்றன. உணவு உண்ணும்போதே அப்புரதம் மிகுதியாக இயங்குவதால், உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் இவற்றை உட்கொள்ள வேண்டும். மாத்திரையின் மேற்பூச்சு மருந்தை அமிலத்திலிருந்து காப்பதால் அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. முழுப்பயன் கிட்டச் சில நாட்கள் ஆகும்.

இந்தியாவில் ரானிடிடின்

2019-இல் ரானிடிடினில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனக் கருதப்படும் என்டிஎம்ஏ என்னும் மாசு கண்டறியப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அம்மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளக் கோரியது. இந்தியாவில் 2022 செப்டம்பரில் வெளியான தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் ரானிடிடின் இடம்பெறவில்லை. எனினும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவது விற்பனைத் தடை ஆகாது.

நீண்டகாலப் பயன்பாடு

புரோத்தன் ஏற்றி தடுப்பிகளை நெடுங்காலம் உட்கொள்வோரில் உயிர்ச்சத்து பி12, மக்னீசியம் ஆகியவை குறையக்கூடும். திடீரென நிறுத்தினால் அமிலச் சுரப்பு சிலகாலம் மிகலாம். வலிநீக்கிகளால் புண் ஏற்படாதிருக்க இவற்றை உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவால் உண்டான புண்ணுக்கு அமிலக் குறைப்பு மட்டும் போதாது. நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் தேவை. இப்பாக்டீரியாவைக் கண்டறிந்த பாரி மார்சல், ராபின் வாரன் ஆகியோர் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எச்சரிக்கை

மாரடைப்பின் வலி மேல்வயிற்று எரிச்சலாகவும் தோன்றலாம். அதனை "கேஸ்" எனக் கருதி மாத்திரை விழுங்கிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தானது. வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவை இருப்பின் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் இடர்ப்பாடு, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுக்கும் மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது. இம்மருந்துகள் தரும் தற்காலிக நலம், உள்ளிருக்கும் நோயை மறைத்துவிடக்கூடும்.