வெள்ளைத் துணியில் வந்தமரும் விருந்தினர்

வெயிலின் கடுமைக்கு அஞ்சிப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் கோடை விடுமுறைக் காலம். பொழுதெல்லாம் கைப்பேசியில் கரைகின்றதே எனப் பெற்றோர் வருந்துகின்றனர். அப்பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, வீட்டைச் சுற்றி வாழும் உயிர்களை ஒரு நாள் முழுதும் கணக்கெடுக்கச் சொன்னால் என்ன?

படைப்பினங்களை உற்று நோக்குதல் நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. திருக்குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரிலேயே அத்தியாயங்கள் உள்ளன. 101 ஆவது அத்தியாயமான அல்காரிஆ, மறுமை நாளின் மக்கள் திரளைச் சிதறிய விட்டில்களுக்கு ஒப்பிடுகின்றது. 9 ஆம் நூற்றாண்டில் பஸராவைச் சேர்ந்த அல்ஜாஹிழ், ‘கிதாபுல் ஹயவான்’ எனும் பெருநூலை விலங்குகளைப் பற்றி எழுதினார். நம் நாட்டு அந்துப்பூச்சிகளை 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் விவரித்த ஜார்ஜ் ஹாம்ப்சன், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். அங்கேதான் அவருக்கு இவ்வார்வம் பிறந்தது.

பகலில் காண்பவை

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் தொடங்குதல் நலம். தேதி, நேரம், இடம், கண்ட உயிர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் தவறாது எழுத வேண்டும். பெயர் தெரியாவிடில் நிறத்தையும் வடிவத்தையும் குறித்தாலே போதும்.

நண்பகலில் காக்கை அலகைப் பிளந்து நிற்பதைக் காணலாம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவ்வாறு மூச்சு வாங்கியே அவை உடற்சூட்டைத் தணிக்கின்றன. நிழலில் ஒரு மண் சட்டியில் நீர் வையுங்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட ஏற்ற வேளை ஏது?

வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒட்டியிருக்கும் சிறு கூட்டைத் துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அதன் முனையிலிருந்து ஒரு புழு தலை நீட்டும். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் குழந்தையே. அரளிச் செடியில் பருத்த பச்சைப் புழு ஒன்று, நீல நிறக் கண்கள் போன்ற இரு புள்ளிகளைக் காட்டி மிரட்டும். கம்பளிப்பூச்சியை மட்டும் கையால் தொட விடாதீர்கள். அதன் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

இரவில் வருபவை

இஷாவுக்குப் பின் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் முன்னே ஒரு விளக்கை ஏற்றுங்கள். விட்டில்கள் ஒவ்வொன்றாய் வந்தமரும். விளக்கின்மேல் கொண்ட காதலால் அவை வருவதாகக் கவிஞர் கூறுவர். 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, பூச்சிகள் ஒளியின் பக்கம் முதுகைத் திருப்பிப் பறப்பவை என்கிறது. இருளில் வானமே மண்ணைவிட வெளிச்சமானது. ஆதலால் இவ்வியல்பு அவற்றை நேராகப் பறக்கச் செய்யும். நம் விளக்கருகே அதே இயல்பு அவற்றைச் சுழலில் சிக்க வைக்கின்றது. எனவே, ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்து, அவற்றைச் செல்ல விடுங்கள். நெருப்பில் விழும் விட்டில்களைத் தடுப்பவருக்குத் தம்மை உவமித்தவரன்றோ நம் நபிகளார்!

பெரிய அந்துப்பூச்சி வீட்டுக்குள் நுழைந்தால் இறந்தவரின் ஆவி வந்ததென அஞ்சுவோரும் உண்டு. சகுனம் பார்ப்பதை இஸ்லாம் விலக்கியுள்ளது. அச்சத்தை அகற்ற, அருகில் சென்று அதன் சிறகைப் பார்க்கச் செய்வதே சிறந்த வழி.

இக்குறிப்புகளால் என்ன பயன்? பிரிட்டனில் விளக்குப் பொறிகளில் ஆண்டுதோறும் எண்ணி எழுதி வந்தமையால்தான், 1968 முதல் 2017 வரையிலான 50 ஆண்டுகளில் பெரிய அந்துப்பூச்சிகள் 33 விழுக்காடு குறைந்தன எனத் தெரிய வந்தது. புழுக்கள் குறைந்தால் அவற்றை உண்டு வளரும் பறவைக் குஞ்சுகளும் குறையும். எண்ணி வைக்காத செல்வம் களவு போனாலும் தெரியாது. நம் தெருவின் செல்வத்தை எழுதி வைக்க ஒரு குறிப்பேடும் ஒரு வேட்டியும் போதும். அடுத்த கோடையில் அதே நாளில் அதே இடத்தில் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.