புகைவண்டியில் புகை இல்லை! எங்கே போச்சு?

பேருக்குத்தான் புகைவண்டி. புகை பார்க்க வேண்டுமானால் இனி ஊட்டி மலை ரயிலுக்குத்தான் போக வேண்டும்!

டீசல் என்ஜின்களுக்கு விடை கொடுக்க மத்திய அரசு முடிவு செய்தது. பாக்கி இருந்த 13 ஆயிரத்து 675 கிலோ மீட்டர் அகலப்பாதையையும் மின்மயமாக்க 2018 செப்டம்பரில் மந்திரிசபை அனுமதி கொடுத்தது. செலவு 12 ஆயிரத்து 134 கோடி ரூபாய். 2021-22-க்குள் முடிப்பதாகத் திட்டம். கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் 2025-ல் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் வேலை முடிந்துவிட்டது.

சென்னைவாசிகளுக்கு இது புதுசு அல்ல. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியது. தெற்கே போகிறவர்கள் மட்டும் விழுப்புரத்தில் என்ஜின் மாற்றும்வரை காத்திருந்தார்கள். இறங்கி டீ குடித்துவிட்டு ஓடிவந்து ஏறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அந்த வேலை இல்லை. டீசலுக்காக வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொட்டும் பணமும் மிச்சம்.

சரி, புகை ஒழிந்ததா? அங்கேதான் இருக்கிறது சங்கதி!

நாட்டில் தயாராகும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. தண்டவாளத்தில் நின்ற புகை, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு அந்தப் புகைபோக்கிகளைத் தெரியாதா என்ன?

2030-க்குள் கரிப்புகைக் கணக்கைப் பூஜ்யம் ஆக்குவது ரயில்வேயின் இலக்கு. அதற்குச் சூரிய மின்சாரமும் காற்றாலையும் கைகொடுக்க வேண்டும்.

கம்பியில் கரெண்ட் வந்தாச்சு. அது எதில் இருந்து வருது என்பதுதான் இனி கேள்வி!