நிலமும் அன்ரனாவின் பாதியே

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பியவர்களுள் அமெச்சூர் வானொலியாளரும் இருந்தனர். உறவுகளின் நிலை தெரியாமல் தவித்தவர்களுக்கு ஒரு செய்தியின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. வானொலிப் பெட்டியும் கார் பற்றறியும் இருந்தால் செய்தி போய்விடும் என எண்ணுகிறோம். ஆனால் அன்ரனா நிற்கும் நிலத்தையும் நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வேலைக்கு எளிதானது நிலைக்குத்து அன்ரனா. 7.1 மெகாஹேட்ஸ் மீடிறனுக்கு ஏறத்தாழ 10 மீற்றர் கம்பியை மூங்கிலில் கட்டி நிறுத்தலாம். பெட்டியிலிருந்து வரும் கேபிளின் நடுக்கம்பியை அதனுடன் இணைக்கிறோம். வெளிப்பின்னலை நிலத்துடன் இணைக்கிறோம். மேலே ஏறும் மின்னோட்டத்துக்குச் சமனானது நிலத்தின் வழியே திரும்ப வேண்டும். ஆகவே நிற்கும் கம்பி அன்ரனாவின் ஒரு பாதி மட்டுமே.

பலர் இரும்புக் கூர் ஒன்றை அடித்துவிட்டுப் போதும் என்பர். மின்னல் பாதுகாப்புக்கு அது வேண்டும். வானொலி அலைக்குப் போதாது. தென்னையைப் பாருங்கள்: ஆணிவேர் இல்லை, மேல்மண்ணில் நாலாபுறமும் பரவும் நார்வேர்களே உண்டு. அதுபோல அடியிலிருந்து ஆரைக் கம்பிகளைப் பரப்ப வேண்டும். ஆழப் புதைக்க வேண்டாம். மண்வெட்டியால் கீறிய பிளவில் இட்டு மூடினால் போதும். 1937இல் பிறவுன், லூயிஸ், எப்ஸ்ரைன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, ஆரைக் கம்பிகளின் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியது. 64 மீற்றர் வயர்தான் உண்டென்றால், நீளமான 6 கம்பிகளைவிட 4 மீற்றரில் 16 கம்பிகள் மேல்.

மீற்றரை நம்பி ஏமாறுவோரும் உளர். நல்ல நிலத்தில் இவ்வன்ரனாவின் தடை ஏறத்தாழ 36 ஓம். கேபிள் 50 ஓம். நிலத்தின் இழப்பு 14 ஓம் ஆனால் கூட்டுத்தொகை 50. மீற்றர் மிகப் பொருத்தம் என்று காட்டும். ஆனால் 100 வாட்டில் 28 வாட் மண்ணைச் சூடாக்குகிறது. கம்பிகளைக் கூட்டி இழப்பை 4 ஓமாக்கினால் மொத்தம் 40. மீற்றர் சற்றுக் குறை சொல்லும், அலையாகப் போவதோ சுமார் 90 வாட். இந்நேரத்தில் போட்ட கம்பிகளைப் பிடுங்குகிறவர்களும் உண்டு! கூர் மட்டும் என்றால் பாதிக்கு மேலும் மண்ணுக்கே போகலாம். பற்றறியில் இயங்கும் நிலையத்துக்கு இது சிறு நட்டமல்ல.

ஒலிபரப்பும்போது எவரும் கம்பியைத் தொடலாகாது. மின்சார வயர்களுக்கு அருகே அதை நிறுத்தவும் கூடாது. இடி முழங்கினால் கேபிளைக் கழற்றி வெளியே விடுக. நிலையம் நடத்த, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் அவசியம்.