ஒளியால் தெளியும் நீர்

நுழையும்முன்
அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அருகில் அமைந்தது கொரட்டூர் ஏரி. தொழில் பெருகப் பெருக, ஏரியில் கழிவுநீரும் கலந்தது. கழிவைக் கதிரொளியால் சிதைக்கும் கலன்கள் பல உள்ளன. அவற்றுள் இவ்விடத்திற்குப் பொருந்துவது எது?

வினையின் அடிப்படை
ஒளிபட்ட டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை நீரைப் பிரிப்பதை, 1972ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்டனர். சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் இச்சேர்மம் புறஊதாக் கதிரை ஏற்கும்போது அதன் எலக்ட்ரான்கள் கிளர்ந்தெழுகின்றன. அவை நீங்கிய துளைகள் நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உருவாக்குகின்றன. சாயம், மருந்து எச்சம் போன்ற கரிமப் பொருள்களை அவை படிப்படியாகச் சிதைக்கின்றன.

வினையூக்கியின் இடம்
வினையூக்கித் துகள்களை நீரில் கலந்தால் பரப்பு மிகும், வினை விரையும். ஆயினும், மிக நுண்ணிய அத்துகள்களைப் பின்னர்ப் பிரித்தெடுப்பது கடினம். கண்ணாடியிலோ தகட்டிலோ பூசினால் பிரிக்கும் வேலையில்லை; ஆனால், வினையின் வேகம் குறையும்.

ஒளியைத் திரட்டும் முறை
பரவளையத் தொட்டி, கதிரவனைப் பின்தொடர்ந்து சுழன்று, நேரொளியைக் குழாயில் குவிக்கும். மேகம் மூடினால் பயன் குன்றும். கூட்டுப் பரவளையச் சேகரிப்பான் அசையாது நின்றே நேரொளியையும் சிதறிய ஒளியையும் குழாய்க்குத் திருப்பும். ஸ்பெயினின் அல்மேரியா கதிரொளி ஆய்வு மையத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. மூன்றாவது, பூச்சிட்ட சாய்தளத்தில் நீரை மென்படலமாக வழியவிடும் முறை. செலவு குறைவு, ஆனால், மிகுந்த பரப்பு வேண்டும், நீரும் ஆவியாகும்.

நம் மண்ணுக்கு ஏற்றது
அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வெயிலுக்குக் குறைவில்லை. எனினும் வடகிழக்குப் பருவத்தில் வானம் மூடியிருக்கும். நெருங்கிய தொழிற்கூடங்களுக்கிடையே வெற்றிடமும் அரிது. ஆகவே, கூரைமேல் அசையாது நிற்கும் சேகரிப்பானே ஏற்புடையது எனலாம்.

எல்லைகள்
கதிரவன் ஒளியில் புறஊதாக் கதிரின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடே. கலங்கிய நீரில் அதுவும் ஊடுருவாது. எனவே, வண்டலை முதலில் நீக்க வேண்டும். முலாம் பூசும் கூடங்களின் குரோமியம், நிக்கல் ஆகியன தனிமங்கள். ஒளி அவற்றை அழிக்காது. அவற்றைத் தனியே பிரித்தெடுத்தல் வேண்டும். எக்கலனும் தனித்து நின்று ஏரியைக் காக்காது. கழிவு பிறக்கும் இடத்திலேயே அதன் இயல்பறிந்து பிரிப்பதே முதற்பணி. ஒளிக்கலன் அதற்குத் துணை.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊர் நீர்நிலையில் கலக்கும் கழிவுகளைப் பட்டியலிட்டு, ஒளியால் சிதைவன, சிதையாதன என வகைப்படுத்துக.