லேப்டாப் லாக் ஆகிடுச்சா? ஃபைல்கள் போகாமல் மீட்பது எப்படி?

மூன்று முறை பாஸ்வேர்டு போட்டாச்சு. மூன்று முறையும் ‘தவறு’ என்றே வருகிறது. நாளை காலை அனுப்ப வேண்டிய பிரசன்டேஷன், நாலு வருஷ போட்டோக்கள், வருமான வரிக்காக ஸ்கேன் செய்து வைத்த ரசீதுகள் எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் கிடக்கின்றன. பக்கத்து சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: “ஃபார்மட் அடிச்சுடலாம் சார், கொஞ்ச நேர வேலைதான்.”

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ‘லேப்டாப் ஓடணும்’ என்றுதான் அவரிடம் கேட்கிறோம். ஃபார்மட் செய்தால் லேப்டாப் ஓடும். ஃபைல்கள் இருக்காது.

லாக் ஆன விண்டோஸ் லேப்டாப்பில் மூன்று பூட்டுகள் இருக்கலாம். பின் நம்பர், அக்கவுன்ட் பாஸ்வேர்டு, டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் என்க்ரிப்ஷன் சாவி. முதல் இரண்டை மறந்தால் பெரும்பாலும் வழி இருக்கிறது. மூன்றாவது தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலேயே திறந்து தர முடியாது. எந்தப் பூட்டின் முன்னால் நிற்கிறோம் என்று பார்க்காமல் அவசரப்படும்போதுதான் ஃபைல்கள் போகின்றன.

முதல்ல கீபோர்டைப் பாருங்க

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இங்கேயே தீர்ந்துவிடும் கேஸ்கள் உண்டு. கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் கவனியுங்கள். தமிழ் கீபோர்டு சேர்த்திருப்பவர்கள் லாக்-இன் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் மொழிக் குறியையும் பார்க்க வேண்டும். அது தமிழில் நின்றால் நீங்கள் அடிப்பது ஒன்று, லேப்டாப் வாங்கிக்கொள்வது வேறொன்று. பாஸ்வேர்டு கட்டத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். டீ கொட்டி ஏதாவது ஒரு கீ செத்துப்போயிருந்தால், அதே மூலையில் உள்ள அக்ஸசிபிலிட்டி ஐகானில் ஆன்-ஸ்க்ரீன் கீபோர்டு இருக்கிறது. மவுஸால் கிளிக் செய்தே பாஸ்வேர்டு போடலாம்.

இன்னொரு பயமும் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான விண்டோஸ் லேப்டாப்பில் தவறான பாஸ்வேர்டு போடுவதால் ஃபைல்கள் தானாக அழிவதில்லை. விண்டோஸ் 11-ன் 2022 பதிப்பு முதல், புதிதாக நிறுவிய கணினிகளில் 10 முறை தவறினால் 10 நிமிடம் காத்திருக்கச் சொல்லும். அவ்வளவுதான். பின் நம்பரைப் பல முறை தப்பாகப் போட்டால் ‘ஏ1பி2சி3’ என்று டைப் செய்யச் சொல்லும். அது வைரஸ் இல்லை. கை தவறி ஏதோ அழுந்திக்கொண்டே இருக்கிறதா, நிஜமாகவே ஆள் டைப் செய்கிறாரா என்று விண்டோஸ் பார்க்கும் சோதனை.

பின் வேற, பாஸ்வேர்டு வேற

பலர் குழம்பும் இடம் இது. தினமும் போடும் நாலு அல்லது ஆறு இலக்க பின், அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே சொந்தம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு இன்டர்நெட்டில் இருப்பது. லேப்டாப் வாங்கிய அன்று ஒரே ஒரு முறை போட்டுவிட்டு, அதன்பின் பின்னிலேயே ஓட்டியிருப்போம். அதனால்தான் பாஸ்வேர்டு மறந்துபோகிறது.

பின் மட்டும் மறந்திருந்தால் வேலை சுலபம். கட்டத்துக்குக் கீழே ‘ஐ ஃபர்காட் மை பின்’ என்று இருக்கும். அதை அழுத்தி, அக்கவுன்ட் பாஸ்வேர்டும் போனுக்கோ மெயிலுக்கோ வரும் கோடும் கொடுத்தால் புதிய பின் வைக்கலாம். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

பாஸ்வேர்டே மறந்துவிட்டதா? போனில் பிரவுசரைத் திறந்து மைக்ரோசாஃப்ட் சைன்-இன் பக்கத்தில் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ வழியாக மாற்றலாம். இங்கே ஒரு சின்ன விஷயத்தைத் தவறவிட்டுத்தான் பலர் தவிக்கிறார்கள். போனில் மாற்றிய பாஸ்வேர்டு லேப்டாப்புக்குத் தெரிய வேண்டுமானால் லேப்டாப்பில் நெட் இருக்க வேண்டும். நெட் இல்லாத வரை அது பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். லாக்-இன் திரையிலேயே வைஃபை ஐகான் இருக்கிறது. ஹாஸ்டல், ஓட்டல் வைஃபை போல தனியாக ஒரு பக்கம் திறந்து லாக்-இன் கேட்கும் நெட் இங்கே மக்கர் பண்ணலாம். போன் ஹாட்ஸ்பாட் போட்டுவிடுவது நல்லது.

ஓடிபி பழைய நம்பருக்குப் போனால்?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். அக்கவுன்ட்டில் கொடுத்திருப்பது காலேஜ் காலத்து சிம். அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வருஷக்கணக்கு ஆகியிருக்கும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று 2023-ல் டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதாவது, அதற்குப் பிறகு அந்த நம்பர் இன்னொருவர் கைக்குப் போகலாம். உங்கள் கோடும் அவருக்கே போகும்.

பாஸ்வேர்டு தெரியும், கோடு வரும் எண்தான் இல்லை என்பவர்கள் புதிய எண்ணைச் சேர்க்கலாம். ஆனால் பழைய விவரங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டும் தெரியாது, எண்ணும் இல்லை என்றால் மீதி இருப்பது அக்கவுன்ட் ரெக்கவரி படிவம். முன்பு வைத்திருந்த பாஸ்வேர்டுகள், சமீபத்தில் அனுப்பிய மெயில்களின் தலைப்புகள், யாருக்கு அனுப்பினீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். ஏற்கெனவே அந்த அக்கவுன்ட்டைப் பயன்படுத்திய போனில், வழக்கமாக இருக்கும் இடத்தில் இருந்து நிரப்பினால் வாய்ப்பு கூடும். ஒரு நாளில் இரண்டு முறை முயலலாம். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தால் மட்டும் இந்தப் படிவம் உதவாது.

இந்த நேரத்தில் கூகுளில் ‘மைக்ரோசாஃப்ட் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடத் தோன்றும். வேண்டாம். பதற்றத்தில் இருப்பவர்களுக்காகவே போலி நம்பர்கள் காத்திருக்கின்றன. போன் நம்பருடன் திரையில் வரும் எச்சரிக்கை எதுவும் மைக்ரோசாஃப்ட்டுடையது கிடையாது. ரிமோட் ஆப் இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மெயில் ஐடி இல்லாத ‘லோக்கல்’ அக்கவுன்ட்

லேப்டாப்பில் வெறும் பெயர் மட்டும் கொடுத்து உருவாக்கிய அக்கவுன்ட் என்றால் ஆன்லைனில் மாற்ற வழியில்லை. 2018 முதல் வந்த விண்டோஸ் பதிப்புகளில், தவறான பாஸ்வேர்டு போட்டதும் ‘ரீசெட் பாஸ்வேர்டு’ வரும். ஆரம்பத்தில் பதில் கொடுத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கும் அதே பதிலைக் கொடுத்தால் உள்ளே போகலாம்.

அது இல்லையென்றால், அதே லேப்டாப்பில் அட்மின் உரிமையுள்ள வேறு அக்கவுன்ட் இருக்கிறதா பாருங்கள். அண்ணனோ அப்பாவோ ஒன்று வைத்திருக்கலாம். அதன் வழியாக உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம். டாகுமென்ட், போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸின் ஃபைல் என்க்ரிப்ஷன் வசதியில் தனியாகப் பூட்டிய ஃபைல்களும் பழைய பாஸ்வேர்டோடு கட்டப்பட்டவை. வெளியில் இருந்து மாற்றும்போது அவை திறக்காமல் போகும். அதனால், பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வரும் என்று தோன்றினால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது தப்பில்லை.

‘ரீசெட் திஸ் பிசி’யில் வரும் ‘கீப் மை ஃபைல்ஸ்’ஸை நம்பிக் குதிக்க வேண்டாம். அது கோளாறான விண்டோஸைச் சரிசெய்யும் வசதி. மறந்துபோன பாஸ்வேர்டுக்கு மருந்து அல்ல. அதற்கு அடுத்தே இருக்கும் ‘ரிமூவ் எவ்ரிதிங்’, பெயர் சொல்வதையே செய்யும்.

நீலத் திரை, 48 இலக்கம்

லாக்-இன் திரைகூட வராமல், ‘பிட்லாக்கர் ரெக்கவரி’ என்று நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறதா? நீங்கள் நிற்பது மூன்றாவது பூட்டின் முன்னால்.

“நான் பிட்லாக்கரே போடலையே” என்பார்கள். போட வேண்டிய அவசியம் இல்லை. பல லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்ததுமே டிஸ்க் தானாக என்க்ரிப்ட் ஆகிவிடும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பை புதிதாக நிறுவும்போது இது இன்னும் அதிகமான லேப்டாப்புகளுக்குப் பொருந்துகிறது. சாவி மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பின் பொறுப்பில் இருக்கும். எல்லாம் வழக்கம்போல இருந்தால் சிப் சத்தமில்லாமல் டிஸ்க்கைத் திறந்துவிடும். பயோஸ் அப்டேட் ஆனாலோ, சர்வீஸில் மதர்போர்டு மாற்றினாலோ, செக்யூர் பூட்டில் கை வைத்தாலோ அதற்குச் சந்தேகம் வந்து ரெக்கவரி சாவியைக் கேட்கும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் அப்டேட் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. கோளாறுக்குக் காரணமான ஃபைலை அழித்தால் போதும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அதைச் செய்யவே முதலில் 48 இலக்கம் தேவைப்பட்டது. பெரிய நிறுவனங்களின் ஐடி ஆட்களே சாவிகளைத் தேடி அலைந்தார்கள்.

சாவி எங்கே இருக்கும்? போனில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் தளத்துக்குப் போய் ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் திறந்தால் பிட்லாக்கர் சாவிகளைப் பார்க்கும் இணைப்பு இருக்கும். நீலத் திரையில் தெரியும் ‘கீ ஐடி’யின் முதல் 8 எழுத்துகளும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருந்தால் அதுதான் உங்கள் சாவி.

அங்கே இல்லையா? அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தது யார்?’ சாவி சேமிக்கப்படுவது என்க்ரிப்ஷன் ஆன் ஆனபோது யாருடைய அக்கவுன்ட் இருந்ததோ அவருடையதில். கடைக்காரப் பையன் தன் மெயில் ஐடியில் செட்டப் செய்து கொடுத்திருக்கலாம். சித்தப்பா மகன் செய்திருக்கலாம். காலேஜ் மெயில் ஐடியைச் சேர்த்திருந்தால் காலேஜின் ஐடி பிரிவில் இருக்கலாம். படிப்பு முடிந்தால் அந்த ஐடியை மூடிவிடுவார்கள் என்பதால் அங்கே சீக்கிரம் கேட்க வேண்டும். பழைய ஹாட்மெயில் என்றாலும் தாமதம் வேண்டாம். இரண்டு வருஷம் நுழையாமல் கிடக்கும் அக்கவுன்ட்டை மைக்ரோசாஃப்ட் மூடிவிடலாம்.

எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், கசப்பான பதில்தான்: டிஸ்க்கில் இருப்பதைப் படிக்க வழியில்லை. ‘நாங்க எடுத்துத் தர்றோம்’ என்று யார் காசு கேட்டாலும் எப்படி என்று கேளுங்கள். அப்போதும் ஒன்றைப் பார்க்க மறக்க வேண்டாம். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவில் ஏறியிருக்கலாம். இலவச அளவு 5 ஜிபிதான், ஆனால் வேர்டு, எக்செல் ஃபைல்களுக்கு அது தாராளம். போனில் ஒன்டிரைவைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் ஃபார்மட் பற்றி யோசிக்கலாம்.

எஸ்எஸ்டியைக் கழற்றிப் பார்க்கலாமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெளிப்புற எஸ்எஸ்டி கேஸ் வாங்கி, டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினால் ஃபைல்கள் வந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். என்க்ரிப்ஷன் இல்லாத லேப்டாப்பில் இது சரி. ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து அனுமதி கேட்டால் கொடுத்து, எல்லாவற்றையும் காப்பி செய்துகொள்ளலாம். உபுண்டு போட்ட பென்டிரைவில் பூட் செய்தும் இதைச் செய்யலாம்.

என்க்ரிப்ஷன் இருந்தால் கதை வேறு. லாக்-இன் திரை வரை வரும் லேப்டாப்பில், சிப் ஏற்கெனவே டிஸ்க்கைத் திறந்துவிட்டது. பாக்கி இருப்பது அக்கவுன்ட் பாஸ்வேர்டு மட்டும். டிஸ்க்கைக் கழற்றிய நொடியில் சிப் உடன் இல்லை, வேறு லேப்டாப் 48 இலக்கத்தைக் கேட்கும். இரண்டாவது பூட்டை உடைக்கப் போய் மூன்றாவது பூட்டில் மாட்டிக்கொள்கிறோம். யூடியூப்பில் சுற்றும் ‘ஒரே நிமிஷத்தில் பாஸ்வேர்டு பைபாஸ்’ வித்தைகளும் என்க்ரிப்ட் ஆன டிஸ்க்கில் இதே இடத்தில்தான் முட்டி நிற்கும். எனவே கடையில் கொடுப்பதாக இருந்தால், சாவி கையில் கிடைத்த பிறகு கொடுங்கள். ‘டேட்டா வேணும், என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணக் கூடாது’ என்று சர்வீஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

மேக்புக்கில் சில முறை தவறினால் ‘ரீஸ்டார்ட் செய்து பாஸ்வேர்டு ரீசெட் வழிகளைக் காட்டு’ என்று அதுவே கேட்கும். ஆப்பிள் அக்கவுன்ட் அல்லது ஃபைல்வால்ட்டின் 24 எழுத்து ரெக்கவரி சாவி இருந்தால் ஃபைல்களோடு உள்ளே போகலாம். ஃபைல்வால்ட் ஆன் செய்திருந்து இரண்டும் இல்லையென்றால் பிட்லாக்கர் கதைதான். ரீசெட் செய்து நுழைந்ததும் பழைய கீசெயின் திறக்காது, அதில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய பாஸ்வேர்டையே கேட்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால்

மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றுவதும் பிட்லாக்கர் சாவியை எடுப்பதும் உங்கள் ஐடி டீமின் வேலை. அவர்களுக்கு அது சில நிமிட வேலை. ஆனால் டிக்கெட் போடும்போதே ‘லோக்கல் டிரைவில் ஃபைல்கள் இருக்கின்றன, ரீஇமேஜ் செய்ய வேண்டாம்’ என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாத டிக்கெட்டை எடுக்கும் ஆளும், பக்கத்துக் கடைக்காரர் மாதிரியே, லேப்டாப் ஓடினால் போதும் என்றுதான் நினைப்பார்.