ஹாதிம் தாய்: பாலைவனத்திலிருந்து வெண்திரைக்கு

ஹோமி வாடியாவின் இயக்கத்தில் பஸந்த் பிக்சர்ஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹாதிம் தாய்’, இந்தித் திரையுலகின் மாயாஜாலப் படங்களுள் தனியிடம் பெற்றது. ஜெய்ராஜ் ஹாதிமாகவும் ஷகீலா குல்னார் என்னும் பரியாகவும் நடித்தனர். இசை எஸ்.என். திரிபாதியுடையது. முகம்மது ரஃபி இதில் பாடிய இறைஞ்சுதற் பாடல், படத்தையே பாராதவர்களின் இல்லங்களிலும் ஒலித்தது; இன்றும் ஒலிக்கிறது. தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வண்ணப்படமாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

படத்தில் ஹாதிம் யமன் நாட்டு இளவரசர். பிறர் துயர் தீர்க்க ஏழு கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்படுகிறார். பரிகளும் பூதங்களும் சாபங்களும் வழிமறிக்கின்றன. மாயக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற பாபுபாய் மிஸ்த்ரி, 1937இல் ‘க்வாப் கீ துனியா’ படத்தில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு நூலைக் கட்டிப் பொருள்களைத் தாமே நகர்வனபோல் காட்டியவர். ‘கறுப்பு நூல்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் அமைந்தது. கணினி இல்லாத காலத்து அந்தக் கைவேலைக்கு ஒரு மதிப்பு உண்டு. எனினும் நமது கவனம் வேறொன்றின் மீது. இந்தத் திரை ஹாதிம் யார்?

அரபு வரலாறு அறிந்த ஹாதிம், வட அரபகத்தில் இன்றைய ஹாயில் நகரை அடுத்த அஜா, ஸல்மா மலைகளின் பகுதியில் வாழ்ந்த தய்யி குலத்தின் தலைவர், கவிஞர். கி.பி. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இஸ்லாத்தின் அழைப்பு எழுவதற்கு முன்பே மறைந்தவர். கொடையில் ஒருவரை மிகுத்துச் சொல்ல விரும்பும் அரபியர், ‘ஹாதிமினும் கொடையாளி’ என்பர். யமன் நாட்டு இளவரசர் என்பது கதைஞர்களின் கற்பனை. ஆயினும் அது முற்றிலும் வேரற்றதன்று. தய்யி குலத்தார் தெற்கேயிருந்து வடக்கே பெயர்ந்த யமன் வழியினர் என்பது அரபு மரபியலாளரின் கூற்று. குலத்தின் பூர்வீகத்தைக் கதை, நாயகனின் நாடாக்கிவிட்டது.

திரைக்கு வந்தவர், பாரசீக மொழியில் ‘ஹாதிமின் ஏழு பயணங்கள்’ என வழங்கிய கிஸ்ஸாவின் ஹாதிம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஹைதர் பக்ஷ் ஹைதரி இதனை ‘ஆராயிஷே மஹ்ஃபில்’ என்ற பெயரில் உருதுவில் ஆக்கினார். அதில் ஹுஸ்ன் பானு என்னும் செல்வமகள், தன்னை மணக்க வருவோர்க்கு ஏழு கேள்விகளை விதிக்கிறாள். அவளை விரும்பும் முனீர் ஷாமி செயலிழந்து நிற்க, ஹாதிம் அவனுக்காகத் தாமே செல்கிறார். தமக்கென எதையும் நாடாத இந்தப் பயணமே கதையின் உயிர். நன்மை செய்து அதை நீரில் எறிந்துவிடு என்பவன் யார், உண்மை பேசுவோன் அமைதியடைவான் என்பதன் பொருள் என்ன என்று சில கேள்விகள் அறத்தைத் தொடுகின்றன. குரல்கொடுத்து மனிதரை அழைக்கும் மலை, வாத்து முட்டையளவு முத்து, பாத்கர்த் என்னும் மாயக் குளியல்மாளிகை என்று மற்றவை வியப்பைத் தொடுகின்றன. பயணத்தின் தொடக்கத்தில் பெண்மானைத் துரத்திவரும் ஓநாய்க்கு ஹாதிம் தம் தொடைச் சதையை அரிந்து தருகிறார். புறாவுக்காகத் தசை அளித்த சிபியை அறிந்த நமக்கு, இது புதிய கதையாகத் தோன்றாது.

இக்கதை வாடியா சகோதரர்களின் கைக்கு வந்ததில் வியப்பில்லை. பார்ஸி நாடக மேடை வளர்த்த உருதுச் சுவையில் தோய்ந்தவர்கள் அவர்கள். 1933இல் வாடியா மூவிடோன் எடுத்த முதற் பேசும்படமே ‘லாலே யமன்’. பின்னர் ஹோமி வாடியா ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ (1952), ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1954) ஆகிய கதைகளை இந்தியில் படமாக்கினார். இப்படங்களில் பாக்தாதும் யமனும் உண்மை ஊர்களல்ல. பம்பாயின் கூடங்களில் எழுந்த ஒரே கற்பனைக் கிழக்கு. அந்தக் கிழக்கையே உண்மை அரபகம் என்று எண்ணிவிடும் வழக்கத்தை இவை வலுப்படுத்தின என்பதை மறுப்பதற்கில்லை.

இனி அந்த இறைஞ்சுதல். இஸ்லாத்திற்கு முன் மறைந்த ஒருவரைச் சூழ்ந்த கதையில், முஸ்லிமின் துஆவாகவே ஒரு பாடல் எழுகிறது. வரலாற்றுக்கு இது பொருந்தாது. இவ்விடத்தில் நமது மரபு காட்டும் நேர்மை கருதத்தக்கது. ஹாதிமின் மகன் அதீ (ரலி) முதலில் கிறிஸ்தவராக இருந்தவர். ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டில் தய்யி குலத்தின் மீது படை சென்றபோது அவர் சிரியாவுக்கு அகன்றார். அவருடைய சகோதரி சிறைப்பட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அப்பெண்ணை விடுவித்து, ஆடையும் வாகனமும் வழிச்செலவும் அளித்து, கண்ணியத்துடன் அனுப்பினார்கள். சகோதரியின் சொற்கேட்டு மதீனா வந்த அதீயைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, இருந்த ஒரே திண்டை அவருக்கு அளித்து, தாம் தரையில் அமர்ந்தார்கள். பின்னொரு முறை அதீ தம் தந்தையின் கொடையைப் பற்றி வினவியபோது, அவர் நாடியது ஒன்று உண்டு, அதை அடைந்தும்விட்டார் என்ற கருத்துப்பட விடையளித்தார்கள். அது புகழ் என்று அறிஞர்கள் விளக்குவர். அவ்விடையில் ஹாதிமின் கொடையை மறுக்கும் சொல் இல்லை. அவரை முஸ்லிமாக்கும் சொல்லும் இல்லை. திரைப்படமோ தன் நாயகனை முஸ்லிமாக்காமல் விரும்ப முடியாது என்று அஞ்சியதுபோல் தோன்றுகிறது.

ஹாதிமைப் பற்றிய மிகச் சிறந்த கதை ஏழு கேள்விகளின் சட்டகத்துக்குள் அடங்காதது. ஸஅதி ‘போஸ்தானில்’ அதைப் பாடியிருக்கிறார். ஹாதிமின் ஒப்பற்ற குதிரையைக் கேட்டுவர ரோமப் பேரரசர் தூதர்களை அனுப்புகிறார். அவர்கள் மழையிரவில் வந்து சேர்கின்றனர், விருந்துண்கின்றனர். காலையில் வந்த நோக்கத்தைச் சொன்னபோது ஹாதிம் கைகளைப் பிசைகிறார். மந்தைகள் தொலைவில் மேய்ந்திருக்க, வாயிலில் நின்றது அந்தக் குதிரை ஒன்றே; விருந்தினரைப் பசியோடு உறங்கவிட மனமின்றி, இரவே அதை அறுத்துச் சமைத்துவிட்டார். 1990இல் பாபுபாய் மிஸ்த்ரி ஜிதேந்திராவை நாயகனாக்கி ‘ஹாதிம் தாயை’ மீண்டும் எடுத்தபோதும் ஏழு கேள்விகளையே நாடினார்.