‘பார்மட் போட்டுடலாமா?’

விக்கிரமங்கலத்தில் ஒரு வீட்டுக் கணினி கருந்திரையோடு நின்றுவிட்டால், அதைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். கடையில் சிறிது நேரம் பார்ப்பார்கள். பிறகு, “பார்மட் போட்டாத்தான் சரியாகும் அண்ணே, போட்டுடலாமா?” என்பார்கள். நாமும் “சரி தம்பி, போடுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அந்த ஒரு ‘சரி’யில் எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

“எல்லாம் டெஸ்க்டாப்லதான் வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கும்” என்று நம்புகிறவர்கள் ஏராளம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே பொதுவாக விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவில்தான் இருக்கின்றன. பட்டாவின் ஸ்கேன், கல்யாணப் படங்கள், கடையின் டேலி கணக்கு, பிள்ளையின் சான்றிதழ் என்று அங்கே இருப்பது அத்தனையும் பார்மட் போட்டால் போகும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் போகும். முன்பு அவற்றில் தட்டச்சு செய்த மனுவைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அதே எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் தமிழ் அப்படியே வந்துவிடும்.

பார்மட் தேவைதானா என்பதுதான் முதல் கேள்வி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகளைச் சரிசெய்யச் சொன்ன வழி பார்மட் அல்ல. சேஃப் மோடில் நுழைந்து, கெட்டுப்போன அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கச் சொன்னார்கள். ஆனால் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்த கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. சாவி கையில் இல்லாதவர்கள் திண்டாடினார்கள். இன்று வரும் புதிய லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. கணினி நன்றாக ஓடும்போதே அந்தக் கணக்கின் பக்கத்தில் சாவியைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். எந்தக் கடைக்காரராலும் அந்தச் சாவியை உருவாக்கித் தர முடியாது.

விண்டோஸ் சில முறை தொடர்ந்து கிளம்ப மறுத்தாலே மீட்புத் திரை தானாக வரும். அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, கடைசி அப்டேட்டை நீக்குவது, ‘ரீசெட் திஸ் பிசி’ என்று படிப்படியாக வழிகள் உண்டு. ரீசெட்டில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் படங்களும் ஆவணங்களும் தங்கும், நாம் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போகும். கரண்ட் சட்டென்று போய்வரும் ஊர்களில், யுபிஎஸ் இல்லாத கணினிகளுக்கு வரும் கோளாறுகள் பல இந்த அளவிலேயே தீரும். ஹார்ட் டிஸ்க்கே தேய்ந்து போயிருந்தால் பார்மட் போட்டும் பயனில்லை. கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்பும். ஆகவே, “டிஸ்க் ஹெல்த் காட்டுங்க தம்பி” என்று கேளுங்கள். இலவச மென்பொருளிலேயே அது தெரியும்.

கோப்புகள் தவறி அழிந்துவிட்டன என்றால் அந்தக் கணினியை உடனே நிறுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, போட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் படங்களை மீட்க வாய்ப்பு உண்டு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்தது உரிமம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் அதன் விலையிலேயே விண்டோஸுக்கும் பணம் கட்டியிருக்கிறீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அதற்கான உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இலவசமாக இறக்கி, அதே பதிப்பை நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். இது தெரியாமல் கடையில் ‘விண்டோஸ் புரோ’ என்று ஒரு திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் ‘ஆர்கனைசேஷன்’ மூலம் ஆக்டிவேட் ஆனதாக வீட்டு லேப்டாப்பில் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் திருட்டுச் சாவிதான். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. திருட்டுப் பிரதியை ஆக்டிவேட் செய்யும் ‘கிராக்’ போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும், ஸ்டாப் எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் கிராக்குகள் வழியாகத்தான் பெரிதும் வீடுகளுக்குள் நுழைந்தது. எல்லாக் கோப்பின் பெயரிலும் ஒரு வால் முளைத்து, ‘ரீட்மீ’ என்று பணம் கேட்கும் குறிப்பு கிடந்தால் அதுதான். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்பு திரும்புமென்று உறுதியில்லை. ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. பூட்டப்பட்ட கோப்புகளின் நகலை மட்டும் எடுத்து வைத்து, சாவி வருமா என்று காத்திருப்பதும் நல்லதே.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் திருட்டு விண்டோஸ் 7 ஏற்றுவது வீண். அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொது ஆதரவு முடிந்துவிட்டது. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதையோ வேறொரு எளிய லினக்ஸையோ போட்டு, ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் பிள்ளைகள் படிக்க, தட்டச்சு செய்ய, இணையம் பார்க்கத் தாராளமாகப் போதும்.

கடையில் விடும்போது கணினியின் சீரியல் எண், என்ன கோளாறு, ‘என்னைக் கேட்காமல் அழிக்கக் கூடாது’ என்ற வரி, இவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்ததும் பில் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அடுத்தவருக்குக் காட்டுவதும் அப்படியே. பெண்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தரங்கப் படங்களை யாராவது நகலெடுத்து மிரட்டினால் குற்றவாளி மிரட்டுகிறவர்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இதற்குச் சிறைத் தண்டனை உண்டு. பயந்து பணம் கொடுக்காமல், வந்த மிரட்டல் செய்திகளை அழிக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

திரையில் “வைரஸ், உடனே இந்த எண்ணை அழைக்கவும்” என்று வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதில்லை. அழைத்து, அவர்கள் தூரத்திலிருந்தே கணினியை இயக்க எனிடெஸ்க் ஏற்றிக் கொடுத்து, பணம் போயிருந்தால் அதற்கும் 1930-தான். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

கடைக்காரர் கேட்காமல் அழித்துவிட்டாலோ, நல்ல உதிரிப் பாகத்தை மாற்றியிருந்தாலோ, முதலில் எழுத்து மூலம் அவரிடமே கேளுங்கள். தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லையென்றால் அரியலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கணினியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், கையில் அந்த பில் இருக்க வேண்டும்.